வரிசையில் நாலாவது

அத்தியாயம் 14

கஹுண்டேயை எக்ஸ்ரே அறை வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டோம். அவளுக்கு அங்கேயே நிற்க நேரமில்லை. அவள் கதையில் மூன்று நாள் ஓடிவிட்டது. இன்று வியாழக்கிழமை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வார்த்தை. கஹுண்டே எங்கள் ஃபோர்ட் போர்டல் ஊர் வானொலியில் அறிவிப்புகள் வாசிக்கிறவள். புருஷன் பலிண்டா தேயிலை லாரி டிரைவர். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்து பிறந்தவன் ருசோகே. ஐந்து மாதம் ஆகிறது. குடித்த பாலைக் கக்குவதுதான் அவன் பிழைப்பு.

"எந்தக் குழந்தைதான் கக்காம இருக்கு?" என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் கஹுண்டேயின் பாலைக் குறை சொன்னார்கள். நாலாம் மாதம் கேழ்வரகுக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்ததும் கக்கல் பீய்ச்சி அடித்தது. மூன்றாம் மாதம் இருந்த எடையில்தான் ஐந்தாம் மாதமும் இருந்தான்.

நல்ல காலம், மலையடி மிஷன் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஆபரேஷன் முகாம் போட்டார்கள். கம்பாலாவிலிருந்து குழந்தைகளுக்கென்றே உள்ள சர்ஜன் வந்தாள். டாக்டர் நகிமேரா. குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையும் இரண்டு தடவை சொல்லாத பெண்மணி. திங்கட்கிழமை ருசோகேக்கு வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தாள். எடுத்ததை வெளிச்சத்தில் காட்டினாள்.

"இங்க பாரும்மா. இரைப்பையிலேருந்து குடலுக்குப் போற வாசல். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி குறுக்கால ஒரு கோடு தெரியுதா? அது ஒரு தோலு. பால் மேல ஆடை படியுமே, அந்த கனம்தான். நடுவுல ஒரு ஊசி ஓட்டை. பால் எப்படியோ சொட்டுச் சொட்டா இறங்கிச்சு. கஞ்சி எப்படி இறங்கும்?"

"இது எல்லாருக்கும் வர்றதா, டாக்டர்?"

"அந்த வாசல்ல தசை தடிச்சு அடைக்கறது நிறைய வரும், மாசம் நாலு பாக்கறேன். இந்தத் தோல் அபூர்வம். பதினோரு வருஷ சர்வீஸ்ல இவன் எனக்கு ரெண்டாவது. வெட்டி எடுத்துட்டா தீர்ந்தது."

வியாழக்கிழமை காலை முதல் ஆபரேஷன் ருசோகேக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் முகாம் முடிந்து டாக்டர் கம்பாலா திரும்பிவிடுவாள். இதுதான் நிலவரம்.

இன்னும் ஒன்று. எங்களில் யாரும் யாரையும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு, அதுதான் மரியாதையும் பிரியமும். கஹுண்டேக்கு அத்யேரி. பலிண்டாவுக்கு அராலி. முழுப்பேரைச் சொன்னால் சொல்கிறவன் போலீஸ்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சண்டை என்று அர்த்தம்.

*

காலை ஏழு மணிக்கு ருசோகேயை ஆபரேஷன் அறைக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் படுக்க வைத்தார்கள். கூடவே நின்றாள் கபஜுங்கு. பலிண்டாவின் அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள், சந்தையில் வாழைத்தார் விற்கிறவள், குரல் அடுத்த வார்டு வரை கேட்கும். முதல் நாளே டாக்டரை நிறுத்தி, "உனக்குச் செல்லப்பேர் இல்லையா? ஐயோ பாவம்!" என்று அங்கேயே ஒன்று வைத்துவிட்டாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கஹுண்டே அதைக் கவனிக்கவில்லை. அவள் சந்தோஷத்தில் இருந்தாள். நேற்று மதியத்திலிருந்து குழந்தை ஒரு தடவை கூடக் கக்கவில்லை.

"பாத்தியா அத்யேரி, ஒரு வாந்தி இல்ல," என்றாள் கபஜுங்கு மறுபடியும். விடிந்ததிலிருந்து இது நாலாவது முறை.

மயக்க மருந்து கொடுக்கிற ஓச்சன் வந்தார். வடக்கே அச்சோலிப் பக்கத்துக்காரர், உயரமான மனிதர், உள்ளங்கை இரண்டும் முறம் அளவு இருக்கும். அந்தக் கையால் ருசோகேயின் தாடையைப் பூவைப் போலப் பிடித்தார். தொண்டையில் மூச்சுக்குழாய் விடுவதற்கு முன் வாயைப் பார்ப்பது வழக்கம். சின்ன டார்ச்சை அடித்தார்.

அடித்த டார்ச் அப்படியே நின்றது.

"அம்மா," என்றார் ஓச்சன், தலையைத் தூக்காமல். "இவனுக்கு யாரு பல்லுப் புடுங்கினது?"

கஹுண்டே சிரித்துவிட்டாள். "அஞ்சு மாசக் குழந்தைக்கு ஏது சார் பல்லு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவர் ருசோகேயின் கீழுதட்டை விரலால் மடக்கிக் காட்டினார். ஈறில் இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு குழி. இரண்டும் கறுத்து, சுற்றிலும் வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. குழந்தை வாயைத் திறந்து அழப் பார்த்தான். வலியில் அழவும் முடியாமல் முனகினான்.

கஹுண்டே ஒரு கையால் சுவரைப் பிடித்தாள்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பொய்ப்பல். எபீனோ என்போம். குழந்தை கக்கினால், பேதியானால், காய்ச்சலில் கிடந்தால், ஈறுக்குள் பொய்ப்பல் இருக்கிறது, அது புழுவாகக் குழந்தையைத் தின்கிறது என்பார்கள். தோண்டி எடுக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியைத் தீட்டி வைத்திருப்பார்கள். மருந்தாவது, மயக்கமாவது!

இதையெல்லாம் கஹுண்டேக்கு நான் சொல்லித் தர வேண்டாம். "பொய்ப்பல் என்று ஒன்று கிடையாது, கைக்குழந்தையின் ஈறைத் தோண்டாதீர்கள்" என்ற அறிவிப்பை மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை வானொலியில் வாசிப்பவளே அவள்தான்.

அவள் மெதுவாகத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"அக்கா. நேத்து நான் ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனப்ப இவனை வெயில் காட்டறேன்னு தூக்கிட்டுப் போனீங்களே."

கபஜுங்கு குனிந்து குழந்தையின் துணியைச் சரி செய்தாள்.

"எங்க போனீங்க?"

"கத்தாதே. ஆஸ்பத்திரி இது."

"எங்கக்கா போனீங்க?"

"பள்ளத்தாக்குல பொய்ப்பல் எடுக்கறவன்கிட்டதான் போனேன்!" என்றாள் கபஜுங்கு. மறைத்து வைத்த குரல் முழுசாக வெளியே வந்துவிட்டது. "நான் அவனுக்கு அத்தை. எங்க வீட்டுப் பிள்ளை. வயித்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி ஈறைப் பாத்தா என்ன குத்தம்? நீங்கள்லாம் படிச்சவங்க, கத்தி எடுத்துட்டு வந்துடுவீங்க. ஒரு கம்பியில முடியற காரியம். முடிஞ்சுதா இல்லையா? வாந்தி நின்னுதா இல்லையா?"

"வாயில ரத்தம் இருந்துச்சே, ஸ்பூன் குத்திடுச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சொல்லாம என்ன பண்றது? நீ விடுவியா?"

"நான் ரேடியோவில..."

"கேட்டேனே. தினம் கேக்கறேன். நல்லாத்தான் வாசிக்கறே. செத்தவங்க பேரு வாசிக்கறே, சோப்பு விளம்பரம் வாசிக்கறே, நடுவுல இதையும் வாசிக்கறே. அதுக்காக எல்லாத்தையும் நம்பிட முடியுமா?"

டாக்டர் நகிமேரா கை கழுவிய ஈரத்தோடு உள்ளே வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஓச்சன் கண்ணாலேயே அவளுக்குக் குழந்தையின் வாயைக் காட்டினார். பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

கபஜுங்குவுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள்.

"நம்பலேன்னா பாரு. இதோ புழு. நானே கண்ணால பாத்து வாங்கிட்டு வந்தேன்."

கைக்குட்டையில் இரண்டு வெள்ளைத் துளிகள். வேக வைத்த அரிசிப் பருக்கை அளவு, பளபளவென்று, மெத்தென்று இருந்தன.

டாக்டர் குனிந்து பார்த்தாள். "அம்மா, இது புழு இல்ல. இது அவனோட பல்லு. ஒண்ணரை வயசுல முளைச்சு வர வேண்டிய கோரைப்பல்லு. இன்னும் கெட்டிப்படல, அதான் மெத்துனு இருக்கு."

கபஜுங்கு கைக்குட்டையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "பல்லா?" என்றாள். அதற்கப்புறம் கைக்குட்டையை மூடவும் தெரியாமல், கீழே போடவும் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பாதிக்குப் பாதிதான் இருந்தது. இரவெல்லாம் குழந்தை தன் ரத்தத்தையே விழுங்கியிருக்கிறான். ஓச்சன் தலையை ஆட்டினார். இந்த ரத்தத்தில் மயக்க மருந்து கொடுத்தால் குழந்தை மேஜையிலிருந்து எழுந்திருக்க மாட்டான் என்றார். ரத்த வங்கியில் அவன் வகை ஒரே ஒரு பை இருந்தது. அதை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஈறுப் புண்ணுக்கு நரம்பு வழியாக மருந்தும் ஏறியது. முதல் ஆபரேஷன் வேறு குழந்தைக்குப் போனது.

அதை முடித்துவிட்டு டாக்டர் வராந்தாவுக்கு வந்தாள். நாத்தனாரும் கஹுண்டேயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி.

"அம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும்," என்றாள் டாக்டர் கபஜுங்குவிடம். "அந்த ஆளு எத்தனை கம்பி வெச்சிருந்தான்?"

"எத்தனைன்னா? ஒண்ணுதான்."

"ஒரு குழந்தைக்கு எடுத்ததும் அதைக் கொதிக்க வெச்சானா?"

"துடைச்சான். சட்டையில துடைச்சான்."

"உங்களுக்கு முன்னாடி எத்தனை குழந்தை?"

கபஜுங்கு விரல் விட்டு எண்ணினாள். "மூணு. நாங்க நாலாவது."

டாக்டர் பெஞ்சில் அந்த நடு இடத்தில் உட்கார்ந்தாள். கஹுண்டேயின் பக்கம் திரும்பினாள்.

"பதறாம கேளு. அந்த மூணு குழந்தையில யாருக்காவது எச்.ஐ.வி. இருந்தா, அந்தக் கம்பி வழியா இவனுக்கு வந்திருக்கலாம். இருக்குன்னு நான் சொல்லல. இல்லேன்னு தெரியற வரைக்கும் இருக்குன்னு நெனச்சுத்தான் மருந்து கொடுக்கணும். எழுபத்திரண்டு மணி நேரம் கெடு. எவ்வளவு சீக்கிரமா ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது. நேத்து எப்போ புடுங்கினாங்க?"

"பத்து மணி," என்றாள் கபஜுங்கு. இப்போது அவள் குரலே கேட்கவில்லை.

"ஒரு நாள் போயிடுச்சு."

"கொடுங்க டாக்டர்," என்றாள் கஹுண்டே. "இப்பவே கொடுங்க. ஊசி எங்க?"

"இவ்ளோ சின்னக் குழந்தைக்கு அது ஊசியா வர்றதில்ல. வாய்வழியாக் கொடுக்கற சிரப்."

"சரி, அதைக் கொடுங்க."

"கொடுக்கலாம்மா. கொடுத்தா எங்க போகும்?"

கஹுண்டேக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்து ரத்தத்தில் சேர வேண்டுமானால் குடலுக்குப் போக வேண்டும். குடலுக்குப் போகிற வாசலில் தோல். தோலை வெட்ட வேண்டுமானால் மயக்க மருந்து வேண்டும். மயக்க மருந்து கொடுக்க ரத்தம் இல்லை. ரத்தம் போனது அந்தக் கம்பியால். நம் எதிரிக்குக் கூட இப்படி ஒரு முடிச்சு விழக் கூடாது.

"கவனி," என்றாள் டாக்டர். "ரத்தம் மூணு மணி வரைக்கும் ஏறட்டும். மறுபடி டெஸ்ட் பண்றேன். ஓரளவு தேறினா நாலு மணிக்குக் கடைசி கேஸா எடுக்கறேன். காலையில இருந்த தைரியம் எனக்கு இப்போ இல்ல, அதையும் சொல்லிடறேன். புண்ணு இருக்கு, ரத்தம் குறைவு. ஆனா காத்திருந்தா மருந்து போகாது. நானும் நாளைக்குப் போயிடுவேன். பழைய கையெழுத்து செல்லாது. நிலைமை மாறிடுச்சு, புதுசாப் போடணும். புருஷன் வந்ததும் ரெண்டு பேரும் பேசுங்க."

பிறகு கபஜுங்குவிடம், "அந்த மூணு அம்மாவும் யாருன்னு தெரியுமா? அவங்களும் குழந்தைங்களும் இங்க வந்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தா நமக்குப் பாதி பாரம் குறையும். அவங்க குழந்தைங்களையும் பாக்கணும்ல?" என்றாள்.

"ரெண்டு பேரு சந்தைக்கு வர்றவங்க. மூணாவது தேயிலை பறிக்கற பொண்ணு, வீடு விசாரிச்சுடலாம்." கபஜுங்கு எழுந்தாள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். கஹுண்டேயைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போங்கக்கா," என்றாள் கஹுண்டே. "கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

கபஜுங்கு வாசலில் நின்ற பொடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். போகும்போது கூடக் கைக்குட்டை கையிலேயே இருந்தது.

*

பலிண்டா ஒரு மணிக்கு வந்தான். முபெண்டேயிலிருந்து லாரியை நிறுத்தாமல் ஓட்டி வந்திருக்கிறான், கண் இரண்டும் சிவந்திருந்தது. ஆபரேஷன் முடிந்திருக்கும் என்ற நினைப்பில் ஓடி வந்தவன், ரத்தப் பை தொங்குவதைப் பார்த்து நின்றான்.

"என்ன அத்யேரி, இன்னும் ஆபரேஷன் ஆகலியா?"

"ஆகல. சாயந்திரம் நாலு மணிக்கு. புதுசாக் கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு ரத்தம்?"

"குறைஞ்சு போச்சு."

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அக்காவை உயிராக நினைக்கிறவனிடம் அக்கா செய்ததை எப்படிச் சொல்வது என்று அவனுக்காக வேறு பரிதாபப்பட்டாள்.

பலிண்டா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மகனின் பாதத்தைத் தடவினான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இவ்ளோ பலவீனமா இருக்கான். இப்பப் போயி வயித்தைக் கிழிக்கணுமா? இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே. புடுங்கினதுலேருந்து வாந்தியே இல்லியே."

கஹுண்டே கட்டிலின் கம்பியைப் பிடித்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல, வாந்தி நின்னுடுச்சுன்னா..."

"எதைப் புடுங்கினதுலேருந்து? நான் உங்ககிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லல."

அவன் கை மகனின் பாதத்திலேயே நின்றது. அவனுக்குப் பொய் வராது, அதுதான் அவனிடம் இருந்த ஒரே நல்ல குணம் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"அக்கா போன் பண்ணாங்க," என்றான். "நேத்துக் காலையில. செய்யட்டுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பயந்துட்டேன், அத்யேரி. வயித்தைக் கிழிக்கறேன்னு அந்தம்மா சொன்னதிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஸ்டீயரிங்கைப் பிடிச்சா அவன் வயிறுதான் கண்ணுல தெரியுது. இதுல சரியாப் போயிட்டா அது வேண்டாமேன்னு நெனச்சேன். எனக்கும் சின்ன வயசுல எடுத்தாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

அவன் சிரிக்கும்போது கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் ஓட்டை தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு அந்தச் சிரிப்புதான் பிடித்திருந்தது. இப்போது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பலிண்டா," என்றாள்.

ஏழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில் பெண்கள் கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் அடி வாங்கினவனைப் போல நிமிர்ந்து பார்த்தான்.

"உங்கக்கா படிக்காதவங்க. பாசத்துல பண்ணிட்டாங்கன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன். நீங்க என்கூட ஒரே வீட்டுல இருந்து, நான் அந்த அறிவிப்பை வாசிக்கறதைத் தினம் லாரியில கேட்டுட்டு வர்றவரு. வீட்டுக்கு வந்து 'நல்லா வாசிச்சே'ன்னு வேற சொல்வீங்க!"

அவன் மகனின் பாதத்திலிருந்து கையை எடுத்தான்.

"வாந்தி நிக்கல. அவன் குடிக்கல. ஈறு வலிக்குது, பால் குடிக்க முடியல. குடிச்சாத்தானே கக்கறதுக்கு?"

அந்த நேரத்தில் நர்ஸ் ஒரு சின்னக் குப்பியும் சிரிஞ்சும் கொண்டுவந்தாள். டாக்டர் எதற்கும் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள். எச்.ஐ.வி. மருந்து, அந்தக் கம்பியால் வந்த பயம் என்று நர்ஸ் பலிண்டாவுக்குச் சொன்னாள். ருசோகேயின் கன்னத்தை ஒதுக்கித் துளித் துளியாக விட்டாள். விழுங்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பலிண்டாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆறாவது நிமிஷம் குழந்தை உடம்பை முறுக்கினான். மருந்து, பழைய ரத்தம், எச்சில் எல்லாமாகச் சேர்ந்து கஹுண்டேயின் ரவிக்கையில் பீய்ச்சி அடித்தது. காப்பித்தூள் கரைத்த நிறத்தில் இருந்தது. வார்டு முழுக்க நாற்றம்.

"இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றாள் கஹுண்டே. துடைத்துக்கொள்ளக் கூட இல்லை. "நர்ஸ், அந்தப் பேப்பரைக் குடுங்க."

எங்கள் வழக்கப்படி பிள்ளை அப்பா வீட்டுச் சொத்து, கையெழுத்தும் அப்பா போடுவதுதான். நர்ஸ் பழக்க தோஷத்தில் பேப்பரை பலிண்டாவிடம் நீட்டினாள். அவன் பேனாவை வாங்கினான். அவன் பெயரின் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கஹுண்டே பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை எழுதிவிட்டாள்.

*

மூன்று மணிக்கு ரத்தம் ஓரளவு தேறியது. ஓச்சன் டெஸ்ட் சீட்டைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். "பண்ணலாம். சீக்கிரம் முடிங்க டாக்டர்," என்றார். குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது கஹுண்டேயிடம் மெதுவாக, "எங்க ஊர்லயும் இது உண்டும்மா. என் தங்கச்சி ஒருத்தி இதுல போயிட்டா. அதான் பாத்ததும் தெரிஞ்சுது," என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம். அவள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

நாலு மணிக்குக் கதவு மூடியது. அவளும் பலிண்டாவும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அவன் ஒரு தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடி தன் மூலைக்குப் போனான்.

ஐந்தேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி.

"முடிஞ்சுது. இதோ பாருங்க."

குப்பித் தண்ணீரில் ஒரு துண்டுத் தோல் மிதந்தது. கஹுண்டே அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவு கூட இல்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. இதற்காகவா ஐந்து மாதம் இரவும் பகலும் அழுதாள்? இதற்காகவா ஊர் அவள் பாலைப் பழித்தது? இது தெரியாமலா இரண்டு பல்லைத் தோண்டினார்கள்?

"வாசலை அகலப்படுத்தித் தெச்சுட்டேன். மெல்லிசா ஒரு டியூப் மூக்கு வழியா அந்த வாசலைத் தாண்டிக் குடல்ல விட்டிருக்கேன். அது வழியா மருந்து போயிடுச்சு. இனிமே திரும்பி வராது."

"போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

கஹுண்டே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தன. பலிண்டா பக்கத்தில் வந்து குந்தினான். அவள் அவனைத் தள்ளவும் இல்லை, அவன் பக்கம் சாயவும் இல்லை.

ருசோகேயை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் உதட்டைச் சப்பினான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஓச்சன் அவனுக்கு இன்னொரு துணி போர்த்தச் சொன்னார்.

*

ஆறு மணி தாண்டி, மலை மேல் மஞ்சள் வெளிச்சம் இருக்கும்போதே கபஜுங்கு திரும்பி வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள், முதுகில் குழந்தைகளோடு. கேட் தாண்டும் முன்பே குரல் கொடுக்கிறவள் இன்று சத்தமில்லாமல் வந்து நின்றாள். செருப்பு ஒன்றைக் காணோம். முழங்கால் வரை சிவப்பு மண்.

"அக்கா, முடிஞ்சுது!" என்று பலிண்டா எழுந்தான். "நல்லபடியா முடிஞ்சுது. மருந்தும் போயிடுச்சு."

கபஜுங்கு தலையை மட்டும் அசைத்தாள். நர்ஸ் அந்த இரண்டு பெண்களையும் ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனாள்.

கஹுண்டே வார்டு வாசலுக்கு வந்தாள். மதியம் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. அலைந்து திரிந்து கூட்டி வந்திருக்கிறாளே என்று கூட நினைத்தாள்.

"மூணாவது எங்கக்கா? தேயிலை பறிக்கற பொண்ணு?"

"வரல."

"பயமா? நான் வேணா போயி பேசறேன்."

"வேண்டாம்."

"ஏன், வீடு கண்டுபிடிக்க முடியலியா?"

"கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே கஷ்டமில்ல, அத்யேரி. வாசல் நிறைய ஆளுங்க நின்னாங்க." கபஜுங்கு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வாழைத்தோப்புல குழி வெட்டிட்டிருந்தாங்க. முழ நீளம்தான் இருக்கும். நானும் இறங்கி மண்ணு தள்ளினேன்."

பலிண்டா பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ராத்திரியெல்லாம் உடம்பு நெருப்பாக் கொதிச்சுதாம். விடியறப்போ வெறைச்சுக் கெடந்துதாம். நாலு மாசப் பொண்ணு. எங்களுக்கு முன்னாடி அதுதான். அதை எடுத்த கம்பியைத் துடைச்சுத்தான் இவனுக்கு..."

கஹுண்டேயால் மேலே கேட்க முடியவில்லை. ஆனால் கபஜுங்கு நிறுத்தவில்லை. நாள் முழுக்க யாரிடம் சொல்வது என்று சுமந்துகொண்டு வந்தவளைப் போலச் சொன்னாள்.

"அதோட அம்மாவுக்குப் பத்தொம்பது வயசுதான். கம்பியைப் பாத்ததும் பயந்துட்டா. வேண்டாம், வீட்டுக்குப் போறேன்னு எழுந்துட்டா. நான்தான் அவ கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். 'பயப்படாதேடி, எங்க வீட்டுப் பிள்ளைக்கும்தான் பண்ணப் போறோம், என் தம்பி பொண்டாட்டி ரேடியோவில பேசறவ'ன்னு சொன்னேன். உன் பேரைச் சொன்னேன், அத்யேரி. உன் பேரைக் கேட்டதும்தான் அவ உக்காந்தா."

கஹுண்டே திரும்பி உள்ளே நடந்தாள். கட்டிலுக்குப் போய் மகனின் நெற்றியில் கை வைத்தாள்.

சுட்டது.